அப்பாவின் காலில் பழுப்புப் பொட்டுகள்

அப்பாவின் பின்கழுத்து எப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது. அவருடைய நிறமே கறுப்புதான், ஆனால் கழுத்து அதைவிடக் கறுப்பு. மடிப்பு மடிப்பாக, தொட்டால் தடித்த துணியைத் தொட்ட மாதிரி இருக்கும். வெயிலே படாத அக்குளிலும் அதே கறுப்பு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது அம்மா தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு அந்தக் கழுத்தோடு மல்லுக்கட்டுவாள். தோல் எரியுமே தவிரக் கறுப்பு போகாது.

"ஒரு மனுசன் கழுத்துல இம்புட்டு அழுக்கா? தொரை ஊட்டு அடுப்புக்கரி பூரா இங்கதான் வந்து குடியிருக்கு."

"மெதுவாடி. தோலு கையோட வந்துரும்."

"வரட்டுமே. உள்ள வெள்ளையா இருந்தா தொரைகிட்டக் காட்டிச் சம்பளம் கூட்டிக் கேக்கலாம்."

குழாயடியில் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அவர் துரை பங்களாவில் குக்காக இருந்தார். நல்ல உடம்பு. அந்தக் கழுத்தை ஒரு நோயின் அடையாளம் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. அழுக்கு என்றுதான் நினைத்தோம்.

நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் இல்லை என்று அம்மா நிறுத்திவிட்டாள். இன்னும் கொஞ்சம் படித்திருந்தால் இந்தப் பயம் குறைந்திருக்குமோ என்னவோ. மேகம் கறுத்தால் கூரை போய்விடும் என்று நினைப்பேன். தம்பி தும்மினால் அது என்ன காய்ச்சலோ என்று ராத்திரி முழுவதும் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "ஒன்னையக் கட்டிக்கிட்டுப் போறவன் பாவம்டி" என்று அம்மா சொல்வாள். நான் பயந்ததில் முக்கால்வாசி நடக்கவில்லை. நடந்த கால்வாசிதான் இங்கே எழுதுவது.

ஜப்பான்காரன் மலாயாவில் எங்கள் கெடாவுக்குள் வந்ததும் துரை காரில் ஏறித் தெற்கே ஓடினார். பங்களாவில் சிப்பாய்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அவர்களே சமைத்துக்கொண்டார்கள். அப்பா வெறுங்கையோடு, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினார். ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி போடச் சொன்னார்கள். கரண்டி பிடித்த கை மண்வெட்டி பிடித்தது. அரிசி அருந்தலாகி, காலையிலும் கிழங்கு, மத்தியானமும் கிழங்கு, ராத்திரி கிழங்கு மாவில் கஞ்சி.

அப்பா இளைத்தார். ஆனால் யார் இளைக்கவில்லை? லயத்தில் எல்லோருக்கும் விலா எலும்பு தெரிந்தது. அப்பா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். வெயிலில் வேலை செய்தால் தாகம் எடுக்காதா? அடிக்கடி வெளியே போய் வந்தார். கிழங்கு தின்றால் அப்படித்தான் போகும் என்றார்கள். வேறு காலமாக இருந்திருந்தால் இந்த மனிதனுக்கு என்னவோ செய்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்தில் ஊரே நோயாளி மாதிரி இருந்ததால், உண்மையான நோயாளியை யாருக்கும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

பக்கத்து வீட்டு அத்தைக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. அவள் சொந்த அத்தை அல்ல. அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவாள், அவளும் அம்மாவும் ஒருவரையொருவர் மதினி என்பார்கள், அதனால் எங்களுக்கு அத்தை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே சாக்கடை. அதன் ஓரத்தில் எறும்பு மொய்க்கிறது என்று சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து தூவுவாள்.

"எங்கேருந்துதான் வருதோ இத்தனை எறும்பு. நமக்கே திங்க ஒன்னும் இல்ல, இதுங்க இங்க என்னத்தத் தேடுதுங்க?"

அதன் பிறகுதான் அந்தப் பொட்டுகளைப் பார்த்தேன். அப்பா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். இரண்டு கணைக்காலிலும், எலும்பை ஒட்டி, பழுப்பு நிறத்தில் வட்ட வட்டமாகப் பொட்டுகள். சில ஒரு காசு அளவு, சில புளியங்கொட்டை அளவு. லேசாகக் குழிந்து பளபளப்பாக இருந்தன. யார் காலைப் பார்த்தாலும் சிரங்கும் புண்ணுமாக இருந்த நேரம் அது. ஆனால் சிரங்கு அரிக்கும், சீழ் பிடிக்கும். இது பேசாமல் இருந்தது.

"அப்பா, கால்ல என்னப்பா?"

"எங்கயாவது இடிச்சிருப்பேன்."

"ரெண்டு கால்லயுமா?"

"ரெண்டு காலாலயும்தான நடக்குறேன்."

அந்தப் பதிலில் எனக்கு நிம்மதி வரவில்லை. தினமும் அந்தப் பொட்டுகளை எட்ட இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரிதாகிறதா, புதிதாக வந்திருக்கிறதா, கைக்கு ஏறியிருக்கிறதா என்று. ஒரு நாள் அம்மா அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்தபோது ஒரு தணல் உருண்டு வந்தது. அப்பா அதன் மேல் கால் வைத்து நின்றார். நின்றுகொண்டே பேசினார். தோல் கருகிய வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. "அப்பா, காலு!" என்று கத்தினேன். அவர் குனிந்து பார்த்து, யாரோ இன்னொருவருடைய காலைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார். உள்ளங்காலில் வெந்த வட்டம். அவர் முகத்தில் வலியே இல்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

உடம்பில் எந்தப் பொட்டு வந்தாலும் எலுமிச்சை முள்ளால் குத்திப் பார்ப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். வலித்தால் வெறும் தேமல், வலிக்காவிட்டால் பெருவியாதி. மறுநாள் மத்தியானம் அப்பா அசந்து தூங்கும்போது அம்மா முள்ளோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு பொட்டில் குத்தினாள். அடுத்த பொட்டில் குத்தினாள். துளி ரத்தம் வந்தது. அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"வெளிய மூச்சு விட்ட, கொன்னுருவேன்" என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

எனக்கு அதன்பிறகு தூக்கம் இல்லை. பெருவியாதிக்காரரை லயத்தில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது தெரியும். அப்படிப்பட்டவர்களை ஜப்பான்காரன் சுட்டுப் போடுகிறான் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அது பொய்யாகவும் இருக்கலாம், ஆனால் அதைச் சொன்னவர்கள் சும்மா சொல்கிற முகத்தோடு சொல்லவில்லை. தம்பிகளுக்கு ஒட்டிக்கொண்டால்? எனக்கே வந்திருந்தால்? விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு, ஆகவே விடிந்ததும் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் என் காலைப் பார்ப்பேன்.

சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தது அப்போதுதான். ரயில் பாதை போட என்றார்கள். மெர்போக் பக்கத் தோட்டங்களிலிருந்து போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஒரு நாள் காலை, பெரட்டில், அதுதான் விடியலில் வேலைக்கு ஆள் எண்ணும் களத்தில், ஆண்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு ஜப்பான்காரன் வரிசையில் நடந்துகொண்டே கையைக் காட்டினான். கைகாட்டப்பட்டவன் ஒரு பக்கம் போக வேண்டும். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி பின்னாலேயே வந்து மலாயில் பேசினார். பெண்கள் நாங்கள் மறுபக்கம் நின்றோம். அத்தையும் எங்களோடுதான் நின்றாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, அப்பாவுக்கு அடுத்து நின்றார்.

அந்தக் கை அப்பாவை நோக்கி உயர்ந்தது.

அம்மா ஓடினாள். அவளைப் பிடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நேராகப் போய் அப்பாவின் கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

"கூஸ்தா, துவான்! சாக்கிட் கூஸ்தா!"

பெருவியாதிக்கு மலாய்க்காரர்கள் சொல்கிற சொல் அது. கிராணி முகம் வெளுத்துப் பின்னால் போனார். அம்மா தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி ஒரு பொட்டில் குத்தி நிறுத்தினாள். ஊசி அப்படியே நின்றது. அப்பா அசையவில்லை. ஜப்பான்காரன் அந்த ஊசியையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கை துப்பாக்கிக்குப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. போகவில்லை. அவன் காறித் துப்பிவிட்டு இரண்டு எட்டு தள்ளி நடந்து, கையை மாமாவை நோக்கிக் காட்டினான்.

மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். லாரி அன்றைக்கே போய்விட்டது.

அப்பாவை லயத்தில் இருக்க விடவில்லை. ஜப்பான்காரன் ஆடுகளை எல்லாம் பிடித்துப்போன பிறகு காலியாகக் கிடந்த ஆட்டுக்கொட்டகையைக் காட்டி அங்கே போகச் சொன்னார்கள். கொட்டகை மரவள்ளிக் காட்டின் ஓரம், எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து பார்த்தால் தெரியும். குழாயில் எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர். இதில் அதிகம் சத்தம் போட்டது அத்தைதான்.

"அந்தப் பக்கம் யாரும் போவாதீங்க. நான் பாத்தேன், வெரலு மழுங்க ஆரம்பிச்சிருச்சு. ஏ, ஒன் வாளியத் தள்ளி வையி. ஒட்டிக்கும்!"

கிராணி வீட்டு வேலைக்காரிக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுவாள். அப்பாவின் விரல் பத்தும் நன்றாகத்தான் இருந்தது. புருசனைப் பறிகொடுத்த கோபம், நம் மேல் கொட்டுகிறாள் என்று அம்மா பேசாமல் இருந்தாள். நான் அத்தையை வெறுத்தேன். வெறுக்கும்போதே அவள் வீட்டில் மாமா இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டால் அந்த வெறுப்பும் நிற்காது. அப்பாவுக்குப் பதிலாகத்தானே மாமா போனார்.

உள்ளங்கால் புண் ஆறவில்லை. தம்பிகளுக்கு ஒட்டுமா ஒட்டாதா என்று யாரிடமாவது கேட்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. குருண் டவுனில் ஒரு யாழ்ப்பாணத்து டிரெசர் இருந்தார். சண்டைக்கு முன் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். அம்மாவும் நானும் அப்பாவைச் சாக்கால் மூடி, சடக்கு என்கிற பெரிய சாலையில் போகாமல் ரப்பர் மரங்களுக்குள்ளேயே நடத்திக் கூட்டிக்கொண்டு போனோம்.

டிரெசர் திண்ணையில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டார். அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது. பொட்டுகளைப் பார்த்தார். ஊசியை எடுத்தார்.

"குத்திப் பாத்தாச்சுங்கய்யா. வலிக்கல" என்றாள் அம்மா.

"எங்கை குத்தினனீங்கள்?"

"பொட்டுலதான்."

"பக்கத்திலை?"

அம்மா விழித்தாள். நல்ல தோலை எதற்குக் குத்துவது? டிரெசர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பொட்டுக்கு வெளியே குத்தினார். விரலில் குத்தினார், பாதத்தில் குத்தினார், மற்றக் காலிலும் அப்படியே. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் வந்ததும்தான் "ஸ்ஸ்" என்றார்.

"இது பெருவியாதி இல்லை. அதெண்டால் பொட்டு மட்டும் மரத்துப் போகும், சுத்திவர உணர்ச்சி இருக்கும். இவருக்குக் காலுறை போட்ட மாதிரி ரெண்டு காலும் மரத்திருக்கு." அப்பாவின் தலையைக் குனிய வைத்துக் கழுத்தைப் பார்த்தார். "இந்தக் கறுப்பு எவ்வளவு காலமாய்?"

"அது அழுக்குங்கய்யா" என்றாள் அம்மா, குற்றம் செய்தவள் மாதிரி. "எம்புட்டுத் தேச்சாலும் போவாது."

"தேய்ச்சால் எப்பிடிப் போகும்? அது உள்ளுக்கை இருந்து வாறது."

ஒரு குப்பியின் அடியில் கொஞ்சம் நீல மருந்து மிச்சம் வைத்திருந்தார். அப்பாவின் சிறுநீரில் சில துளி எடுத்து அதோடு சேர்த்து, கண்ணாடிக் குழாயில் விளக்குச் சூட்டில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. அந்த நிறத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"இனிப்பு நீர்" என்றார். "நல்லா முத்திப் போச்சு. கழுத்துக் கறுப்பும் கால் பொட்டும் அதாலைதான்."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "ஒட்டுமாங்கய்யா?"

"ஒட்டாது பிள்ளை."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அழுதாள். "ஊரு பூரா சீனிக்கு அலையுது. இந்த மனுசன் மண்ணுக்கு ஊத்திக்கிட்டுத் திரியுறாரே."

"தொரைக்குப் போட்ட சக்கரையெல்லாம் எங்கிட்டயே தங்கிருச்சு போல" என்றார் அப்பா.

அதற்கு ஊசி மருந்து உண்டாம். ஆனால் சண்டை முடிந்து கப்பல் வந்தால்தான் கிடைக்கும் என்றார் டிரெசர். அதுவரை கிழங்கைத் தொடக்கூடாது, கீரையும் மீனும் சாப்பிட வேண்டும், காலைப் பொத்திப் பொத்திப் பார்க்க வேண்டும்.

"கிழங்கு இல்லாட்டி காத்தத் திங்கவாய்யா?" என்றாள் அம்மா. அவர் திருப்பிக் கேட்டார். "தோட்டத்திலை என்ன சொல்லி வைச்சிருக்கிறீங்கள்?" அம்மா பெரட்டில் நடந்ததைச் சொன்னாள். டிரெசர் கொஞ்ச நேரம் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். "அப்ப அதையே சொல்லுங்கோ. நான் உங்களைப் பார்க்கவுமில்லை."

வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒட்டாது. ஆனால் ஒட்டாது என்று யாரிடமும் சொல்ல முடியாது. இது பெருவியாதி இல்லை என்று லயத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் கிராணிக்குத் தெரியும், கிராணிக்குத் தெரிந்தால் அடுத்த லாரியில் அப்பா சயாமுக்கு. மரத்துப்போன காலோடு அங்கே எத்தனை நாள் தாங்குவார்?

அதனால் அப்பா கொட்டகையிலேயே இருந்தார். தம்பி தங்கைகளுக்கும் சொல்லவில்லை, பிள்ளைகள் வாயில் எது நிற்கும்? சின்னத் தம்பி "அப்பாட்டப் போறேன்" என்று ஓடுவான். குழாயடியில் ஆட்கள் நின்றால் நான் அவனைப் பிடித்து இழுத்து, "தொடாத! வியாதி!" என்று கத்த வேண்டும். அப்பா கொட்டகை வாசலில் உட்கார்ந்து, போ போ என்று அவனைக் கையால் விரட்டுவார். போகப் போக அவன் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டான். அப்பா விரட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனது.

கீரைக்கு மட்டும் பஞ்சமில்லை. அம்மா வேலிக்கீரை, மரவள்ளிக் கொழுந்து எல்லாம் அவித்துக் கொடுத்தாள். பசி தாங்காமல் அப்பா கிழங்கைப் பிடுங்கித் தின்பதையும் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கால் பொட்டுகள் கூடிக்கொண்டே போயின. உள்ளங்கால் புண் ஆழமானது. கட்டைவிரல் நிறம் மாறியது. முதலில் சிவப்பு, பிறகு நீலம் கலந்த மாதிரி, பிறகு அவர் கழுத்தைவிடக் கறுப்பு.

ஜப்பான்காரன் போனான். எந்தத் தேதி என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, ஒரு நாள் பங்களாவில் சிப்பாய் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் சில வாரம் அம்மா வாயைத் திறக்கவில்லை, திரும்பி வந்துவிடுவானோ என்று. சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரி ஒழுங்கானதும் அப்பாவைக் கொண்டுபோனோம். ஊசி மருந்து வந்திருந்தது. ஆனால் காலுக்கு நேரம் கடந்துவிட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கக்கத்தில் கட்டை ஊன்றி அப்பா மறுபடி எங்கள் வீட்டு வாசற்படி ஏறினார்.

சயாமிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். குருண் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவார்கள். எலும்பும் தோலுமாக, முகம் தெரியாமல். ஒவ்வொருவர் வரும்போதும் அத்தை சடக்கில் போய் நிற்பாள். கடைசியாக வந்த ஒருவர், மாமாவைத் தானே மண்ணில் போட்டதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு பார்க்கிற அரிசி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து.

"மதினி, ஒன்னு சொல்லணும். அவருக்கு வந்தது பெருவியாதி இல்ல" என்றாள் அம்மா.

"இனிப்பு நீருதான" என்றாள் அத்தை. முறம் நிற்கவில்லை.

அம்மா முறத்துக்கு எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கப்பனுக்கு ஊர்ல இருந்துச்சு. இதே கறுப்புக் கழுத்து. கொட்டாய்க்குப் பின்னால எறும்பு திட்டுத் திட்டா மொச்சுக் கெடக்கும். கிராணி ஊட்டு ஆளு யாராவது பாத்துரப் போறாங்கன்னு நாந்தான் விடியக்காலம் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன்."

"அப்புறம் ஏன் மதினி அம்புட்டுச் சத்தம் போட்ட? தொடாத, வராதன்னு?"

"பக்கத்து ஊட்டுக்காரி நானே நம்பலன்னா வேற எவன் நம்புவான்?" முறத்தைக் கீழே வைத்தாள். "போன ஆளு போயிட்டாரு. இருக்குற அண்ணனையும் புடிச்சுக் குடுத்துட்டு நான் என்ன பண்ணப் போறேன், சொல்லு."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சாக்கடை ஓரத்தில் அத்தை சாம்பல் தூவியது பெரட்டுக்கு முன்பா, பின்பா? முன்புதான். மாமா லயத்தில் இருந்த காலத்தில்தான். அப்படியென்றால் அம்மா களத்தில் "கூஸ்தா" என்று கத்தியபோதே அது பொய் என்று அத்தைக்குத் தெரியுமா? அம்மாவுக்கே தெரியாத பொய் அவளுக்குத் தெரிந்திருந்ததா? அடுத்து நிற்பது தன் புருசன் என்றும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாளா? இல்லை, கொட்டகை எறும்பைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்ததா?

அவளிடம் கேட்கவில்லை. அவள் உயிரோடு இருந்த அத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை வாய் வரை வந்தது. அவள் "ஆமா" என்று சொல்லிவிட்டால் அந்தப் பதிலை எங்கே வைப்பது?

மறுநாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் எதிரில் குந்தி, மிச்சமிருந்த காலில் இருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இந்தக் காலையாவது பாத்துக்கண்ணே."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு கைலியை இழுத்து அந்தக் காலை மூடிக்கொண்டார்.